டை எத்தில் ஈதர் முனைவுள்ளது எனில், அதன் கொதிநிலை ஏன் பென்டேனை ஒட்டியே இருக்கிறது?

கேள்வி:
ஈதர் மூலக்கூறு வளைந்திருப்பதால், அதன் இரண்டு கார்பன்–ஆக்சிஜன் பிணைப்புகளின் முனைவுத்தன்மையும் ஒன்றையொன்று முழுமையாக நீக்கிவிடுவதில்லை என்று படித்தேன். டை எத்தில் ஈதரின் இருமுனைத் திருப்புத்திறன் (மூலக்கூறின் மொத்த முனைவுத்தன்மையின் அளவு) 1.15 டிபை, பென்டேனுக்கோ ஏறக்குறைய சுழி. ஆயினும் ஈதர் 34.6 டிகிரி செல்சியசிலும் பென்டேன் 36.1 டிகிரியிலும் கொதிக்கின்றன. ஈதரின் அதே மூலக்கூறு வாய்ப்பாடு கொண்ட ஆல்கஹாலான 1-பியூட்டனால் 117 டிகிரியைத் தாண்டியே கொதிக்கிறது. நீரில் கரைவதில் மட்டும் ஈதர் பியூட்டனாலை நெருங்கிவிடுகிறதே, இது எப்படி?

பதில் 1:
கொதிநிலை என்பது ஈதர் மூலக்கூறுகள் தமக்குள் எவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொள்கின்றன என்பதைப் பொறுத்தது. ஆக்சிஜனோடு நேரடியாக இணைந்த ஹைட்ரஜன் ஈதரில் இல்லை. ஆகவே அது ஹைட்ரஜன் பிணைப்பை ஏற்குமே தவிர, வழங்காது. நீரில் அந்தக் குறை தீர்ந்துவிடுகிறது, ஏனெனில் தேவையான ஹைட்ரஜனை நீரே தருகிறது. அதனால்தான் பிரிபுனலில் ஈதர் மேலடுக்காகத் தெளிவாகப் பிரிந்து நின்றாலும், அதற்குள் சிறிதளவு நீர் கலந்தே இருக்கும். நீரற்ற சோடியம் சல்பேட்டைச் சேர்த்து உலர்த்தாமல் அதைக் காய்ச்சி வடிப்பது வீண்வேலை.

பதில் 2:
மேலே சொன்னது சரியே, ஆனால் முனைவுத்தன்மைக்குக் கொதிநிலையில் பங்கே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். டை மெத்தில் ஈதர் மைனஸ் 25 டிகிரியிலும் புரோப்பேன் மைனஸ் 42 டிகிரியிலும் கொதிக்கின்றன; வளைய ஈதரான டெட்ராஹைட்ரோபியூரானுக்கு 66 டிகிரி, வளைய பென்டேனுக்கு 49 டிகிரி. இரண்டு இடத்திலும் ஈதரே ஏறத்தாழ 17 டிகிரி மேலே நிற்கிறது. டை எத்தில் ஈதரில் அசைந்தாடும் எத்தில் தொகுதிகள் ஆக்சிஜனை ஓரளவு மறைத்துவிடுகின்றன. அத்துடன், ஒரு மெத்திலீன் தொகுதியின் இடத்தில் ஆக்சிஜன் வருவதால் லண்டன் விசைகளும் (எல்லா மூலக்கூறுகளுக்கும் இடையே உள்ள தற்காலிக இருமுனை ஈர்ப்பு) சற்றுக் குறைகின்றன. இழப்பும் ஈட்டமும் ஏறக்குறைய சமமாகிவிடுவதால்தான் பென்டேனோடு ஒப்பிடும்போது வேறுபாடு தெரிவதில்லை. வளையமாகக் கட்டிவிட்டால் ஆக்சிஜன் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். டெட்ராஹைட்ரோபியூரான் எந்த விகிதத்திலும் நீரோடு கலப்பது அதனால்தான்.

கேட்டவர்:
அப்படியானால் கரைதிறனை இருமுனைத் திருப்புத்திறனை வைத்தே கணித்துவிடலாமா?

பதில் 2:
முடியாது. இரண்டு ஆக்சிஜன் கொண்ட வளைய ஈதரான 1,4-டையாக்சேனின் நாற்காலி வடிவத்தில் எதிரெதிராக உள்ள இரு ஆக்சிஜன்களின் இருமுனைகளும் ஒன்றையொன்று நீக்கிக்கொள்கின்றன. திரவத்தின் முனைவுத்தன்மையைக் காட்டும் அதன் மின்கடத்தாப் பொருள் மாறிலி 2.2 அளவே, டை எத்தில் ஈதருக்கோ 4.3. ஆனாலும் நீரோடு முழுமையாகக் கலப்பது டையாக்சேன்தான். நீர் மூலக்கூறு பற்றுவது ஒவ்வோர் ஆக்சிஜனின் தனித்த எலக்ட்ரான் இரட்டையை; மூலக்கூறின் இருமுனைகளின் மொத்தக் கூட்டுத்தொகை அதற்கு ஒரு பொருட்டல்ல.