பரணில் கிடைத்த கறுப்பு டயல் போன்: எந்த மாடல், ஓடுமா?

கோத்தகிரி மருமகன்:
மாமனார் வீட்டுப் பரணை ஒழிக்கும்போது ஒரு கறுப்பு டயல் போன் கிடைத்தது. நல்ல கனம். முன்பக்கம் அடியில் சின்ன இழுப்பறை. துணி சுற்றிய ஒயர், முனையில் மூன்று கம்பி, பிளக் இல்லை. வீட்டில் இப்போது ஃபைபர்தான்; மோடத்தில் போன் துளை இருக்கிறது. "மணி அடிச்சா போதும்" என்கிறார் மாமியார். வழி உண்டா?

பஞ்சும் பிராசோவும்:
முதலில் உடல் பேக்கலைட்டா (அந்தக் கால கெட்டிப் பிளாஸ்டிக்) என்று பாருங்கள். அடியில் மறைவான இடத்தில் பிராசோ (பித்தளை பாலிஷ்) தொட்ட பஞ்சால் தேய்த்தால், பேக்கலைட் என்றால் பஞ்சில் மஞ்சள் கறை வரும். உப்புத்தாள் மட்டும் போடாதீர்கள், பளபளப்பு போனால் திரும்பாது.

ரிட்டயர்டு லைன்மேன்:
இழுப்பறை இருக்கிறதென்றால் பெரும்பாலும் 332 வகை. பிரிட்டிஷ் அஞ்சல் துறை 1930களின் பிற்பகுதியில் கொண்டுவந்த வடிவம். அடியில் ஐடிஐ (இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ்) என்றிருந்தால் பெங்களூரில் செய்தது, 1948க்குப் பிந்தையது.

தம்பி, மோடத்தில் சொருகும் முன் மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்துப் பாருங்கள். லைனுக்கு இரண்டு கம்பி போதும், எது எந்தப் பக்கம் என்பது முக்கியமில்லை. ரிசீவர் கீழே இருக்கும்போது அந்த இரண்டுக்கும் நடுவே மீட்டர் ஒரு கணம் துள்ளி அடங்கலாம், நிலையாக எதுவும் காட்டக் கூடாது. தூக்கினால் சில நூறு ஓம் காட்டணும். கீழே இருக்கும்போதே காட்டினால் மணியோடு இருக்கும் கெப்பாசிட்டர் கசிகிறது, மாற்றணும். இல்லாவிட்டால் லைன் எப்போதும் பிஸிதான்.

பேச்சு கரகரத்தால் ரிசீவரை உள்ளங்கையில் தட்டுங்கள். மைக்குக்குள் கரித்துகள், உங்கள் ஊர் ஈரத்தில் கட்டிப்போகும்.

கோத்தகிரி மருமகன்:
ஐடிஐயேதான் ஐயா! மீட்டரும் நீங்கள் சொன்னபடியே காட்டியது. மணி கொஞ்சம் மெதுவாக அடிக்கிறது, பேச்சு தெளிவு. ஆனால் நம்பர் சுற்றினால் போகவில்லை. டயலும் சோம்பேறித்தனமாகத் திரும்புகிறது. தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு விடலாமா?

ரிட்டயர்டு லைன்மேன்:
ஐயோ, வேண்டாம்! கோத்தகிரிக் குளிரில் உறைந்து டயல் அப்படியே நின்றுவிடும். வாட்ச் ரிப்பேர்காரரிடம் வாட்ச் ஆயில் வாங்கி, பல்சக்கர அச்சில் ஊசி முனையால் தொட்டு வையுங்கள். 0 சுற்றி விட்டால் ஒரு விநாடிக்குச் சற்றுமேல் ஆகித் திரும்பினால் சரி. நம்பர் போகாததற்குக் காரணம் வேறு: 0க்குப் பத்து முறை லைனை வெட்டி வெட்டிச் சொல்கிறது உங்கள் டயல், பல மோடங்களுக்கு டோன் (பட்டன் போன் எழுப்பும் ஒலி) தான் புரியும். பல்ஸ்-டோன் கன்வெர்ட்டர் என்று ஆன்லைனில் தேடுங்கள். மாமியாருக்கு மணி மட்டும் போதுமென்றால் அதுவும் வேண்டாம்.