டானிக் கொடுத்தும் ரத்தம் ஏறவில்லை, வயிற்றுக் கிருமிதான் காரணமா?

பாலக்கோடு அம்மா:
பையனுக்கு ஏழு வயது. ஹீமோகுளோபின் 8.9 இருந்தது, டாக்டர் எழுதிக்கொடுத்த இரும்பு டானிக்கை மூன்று மாதமாக விடாமல் கொடுத்தும் 9.2தான் வந்திருக்கிறது. அடிக்கடி மேல்வயிறு வலிக்கிறது என்கிறான், தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்துவிடுகிறான். எச். பைலோரி என்ற கிருமி வயிற்றில் இருந்தால் இரும்பு சேராது, மெடிக்கலிலேயே மாத்திரை கிடைக்கும் என்று சொந்தக்காரர் சொல்கிறார். வாங்கிக் கொடுக்கலாமா?

அரூர் நர்ஸ்:
வேண்டாம் அக்கா, மெடிக்கலில் கேட்டு வாங்காதீர்கள். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. சாப்பாட்டில் உள்ள இரும்பு கரைந்து குடலில் ஏறுவதற்கு வயிற்று அமிலமும் வைட்டமின் சியும் வேண்டும். இந்தக் கிருமி இரைப்பையின் உள்சுவரில் அழற்சியை உண்டாக்கும்போது சில பிள்ளைகளுக்கு இரண்டுமே குறைந்துபோகிறது. புண் வந்தால் ரத்தமும் கசியும். ஆனால் நம் நாட்டில் ஏராளமான பேர் வயிற்றில் இது இருக்கிறது, பெரும்பாலோருக்கு ஒன்றும் செய்வதில்லை. அதனால் கிருமி இருப்பதாலேயே ரத்தசோகை அதனால்தான் என்று சொல்லிவிட முடியாது. இதற்கு இரண்டு ஆன்டிபயாடிக்கும் அமிலம் குறைக்கும் மருந்தும் சேர்த்து, எடைக்குத் தக்க அளவில், பொதுவாக 14 நாள் கொடுப்பார்கள். பாதியில் நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போய்விடும்.

காவேரிப்பட்டணம் அப்பா:
டானிக் எப்போது கொடுக்கிறீர்கள்? பால், டீ கூடவே கொடுத்தால் பாதி வீண். நம் பக்கம் தினமும் ராகிக் களி, அதில் இரும்பு இருந்தாலும் தானியத்திலேயே உள்ள பைடேட் என்ற பொருள் அதை எளிதில் விடாது, கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ வேண்டும். குடலில் ரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழுவையும் பார்த்துவிடுங்கள். பள்ளியில் பிப்ரவரி, ஆகஸ்டில் தரும் அல்பெண்டசோல் பூச்சி மாத்திரை போட்டானா?

பாலக்கோடு அம்மா:
மாத்திரை போட்டான் அண்ணா. டானிக் வெறும் வயிற்றில் எலுமிச்சைச் சாறோடுதான். அப்போ என்ன டெஸ்ட் கேட்பது?

அரூர் நர்ஸ்:
உடம்பில் இரும்பு இருப்பு எவ்வளவு என்று காட்டும் ஃபெரிட்டின் ரத்தப் பரிசோதனையும், புழு இருக்கிறதா என்று பார்க்க மலப் பரிசோதனையும் முதலில். ஃபெரிட்டின் குறைவாக இல்லையென்றால் பரம்பரையாக வரும் ரத்தக் குறைபாடான தலசீமியாவின் கூறு இருக்கிறதா என்று, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் ஹெச்பிஎல்சி டெஸ்ட் பார்க்கச் சொல்வார்கள். இவை எதிலும் விடை கிடைக்காமல் ரத்தமும் ஏறவில்லையென்றால் அப்போதுதான் எச். பைலோரி கிருமியைத் தேடுவது, பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் எண்டோஸ்கோப்பி செய்து, அதாவது வாய்வழியே கேமரா குழாய் விட்டு, இரைப்பையில் துளி சதை எடுத்துப் பார்ப்பார்கள். லேபில் ரத்தத்தில் ஆன்டிபாடி (கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் பொருள்) பார்க்கலாம் என்றால் காசு கொடுக்காதீர்கள், எப்போதோ வந்துபோன கிருமிக்கும் அது பாசிட்டிவ் காட்டும். வலியும் பசியின்மையும் இருப்பதால் தள்ளிப்போடாமல் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவுக்குப் போங்கள். டானிக்கால் மலம் கறுப்பது சாதாரணம். தார் மாதிரி ஒட்டிக்கொண்டு நாற்றமடித்தாலோ, வாந்தியில் ரத்தம் வந்தாலோ அன்றைக்கே தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.