கடும் போட்டியுள்ள அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தவர்கள் சொல்லுங்கள்: எது உதவியது, எது உதவவில்லை?

இரண்டாமாண்டு மாணவி

நானே தொடங்குகிறேன். பல கல்லூரிகளுக்கு ஒரே படிவத்தில் விண்ணப்பிக்கும் காமன் ஆப்பில், பாடத்துக்கு வெளியே செய்த செயல்பாடுகளுக்குப் பத்து இடம் இருக்கும். எனக்கு நான்கைத்தான் நிரப்ப முடிந்தது. அதைப் பார்த்த பள்ளி கவுன்சிலர், "மூன்று மணிக்குப் பள்ளி விட்டதும் எங்கே போவாய்?" என்று கேட்டார். வீட்டுக்குத்தான் என்றேன். தம்பிக்கு வலிப்பு நோய், அம்மாவுக்கு மாலை ஷிப்ட். அவனுடைய மருந்து, சாப்பாடு, வீட்டுப்பாடம் எல்லாம் என் பொறுப்பு. இன்சூரன்ஸ் கம்பெனியோடு போனில் பேசுவதும் நான்தான்.

"இதை ஏன் எழுதவில்லை?" என்றார். இதெல்லாம் ஒரு செயல்பாடா என்று நான் நினைத்திருந்தேன். அந்தப் பட்டியலில் 'குடும்பப் பொறுப்புகள்' என்று தனி வகையே இருக்கிறது என்று அவர் திரையில் காட்டினார். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று கேட்கும் கட்டத்தில் 20 என்று போட்டேன். விவரத்துக்கு 150 எழுத்துதான் இடம், அதனால் ஒவ்வொரு சொல்லையும் எண்ணி எண்ணி எழுதினேன்.

கட்டுரையையும் மாற்றினேன். விவாதப் போட்டியில் ஜெயித்ததைப் பற்றிய முதல் கட்டுரையை அப்படியே விட்டுவிட்டேன். இன்சூரன்ஸ் கம்பெனி தம்பியின் மருந்துக்குப் பணம் தர மறுத்தபோது யார் பேசினார், எத்தனை மணிக்கு, என்ன சொன்னார் என்று ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தேன். மூன்றாவது முறையீட்டில் சம்மதித்தார்கள். 650 வார்த்தையும் அந்த நோட்டைப் பற்றித்தான். இடம் கிடைத்ததற்கு அதுதான் காரணமா என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஆனால் சேர்க்கைக் கடிதத்தோடு வந்த, கையால் எழுதிய குறிப்பில் தம்பியை விசாரித்திருந்தார்கள்.

நேர்காணல் எடுக்கும் முன்னாள் மாணவர்

தங்கச்சி எழுதியதைப் படித்ததும் ஒரு பையன் நினைவுக்கு வந்தான். நான் படித்த கல்லூரிக்காக ஏழு வருடமாக நேர்காணல் செய்கிறேன், சம்பளம் இல்லாத வேலை. மதிப்பெண்ணோ கட்டுரையோ எங்களிடம் வராது. பெயரும் பள்ளியும்தான் தெரியும்.

அவன் அரை மணி நேரம் மனப்பாடம் செய்த பதில்களையே சொன்னான். எட்டு சங்கங்கள், மூன்றில் தலைவர். கடைசியில், "சமீபத்தில் யாரும் சொல்லாமல் நீயாகச் செய்தது என்ன?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பள்ளியின் கண்ணாடிச் சுவரில் மோதி விழும் பறவைகளை இரண்டு வருடமாக எண்ணி வருவதாகச் சொன்னான். எந்தப் பக்கம், எந்த மாதம், என்ன பறவை என்று குறித்திருக்கிறான். தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கிக் கண்ணாடியில் புள்ளிகள் ஒட்டியிருக்கிறான், அப்புறம் எண்ணிக்கை குறைந்திருக்கிறது. விண்ணப்பத்தில் எழுதினாயா என்றால், "சர்டிபிகேட் எதுவும் இல்லையே சார்" என்றான். எனக்கு மனது ஒரு மாதிரி ஆகிவிட்டது. என் அறிக்கை முழுக்க அந்தப் பறவைகளைப் பற்றித்தான் எழுதினேன்.

அவனுக்கு எங்கள் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை. நூறு பேரில் ஐந்து பேரைக்கூட எடுக்காத இடத்தில், தகுதியுள்ளவர்களில் பெரும்பாலோர் வெளியேதான் நிற்பார்கள். பிள்ளைகளிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், தயவுசெய்து.

ஒரு மாணவனின் அம்மா

நான் பணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எர்லி டிசிஷனில், அதாவது ஒரே ஒரு கல்லூரிக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கும் முறையில், போட்டால் வாய்ப்பு கூடும் என்று எல்லோரும் சொன்னார்கள். நவம்பர் 1-க்குள் போட்டோம், டிசம்பரில் இடமும் கிடைத்தது. வீட்டில் ஒரே கொண்டாட்டம். உதவித்தொகைக் கடிதத்தைப் பார்த்தால், எங்களால் கட்டவே முடியாத தொகை. எர்லி டிசிஷன் என்பது இடம் கிடைத்தால் கட்டாயம் சேருவேன் என்ற ஒப்பந்தம். பண உதவி போதவில்லை என்று எழுதிக் கேட்டு விடுபட்டோம். அதற்குள் மற்ற கல்லூரிகளின் ஜனவரிக் கடைசித் தேதிகள் நெருங்கிவிட்டதால், பையன் பத்து நாளில் ஆறு விண்ணப்பங்களை எழுதி முடித்தான்.

ஒவ்வொரு கல்லூரியின் தளத்திலும், உதவித்தொகை போக நாம் எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்று கணக்கிடும் நெட் பிரைஸ் கால்குலேட்டர் இருக்கிறது. எர்லி டிசிஷன் போடுவதற்கு முன்பே உட்கார்ந்து அதைப் பாருங்கள். சொந்தத் தொழில் செய்யும் குடும்பமாக இருந்தால், அது காட்டும் தொகையைக்கூட நம்பாமல் உதவித்தொகை அலுவலகத்திடம் நேராகவே கேளுங்கள். நாங்கள் கேட்கவில்லை.

இன்னொன்று, காமன் டேட்டா செட். பல கல்லூரிகள் வருடாவருடம் வெளியிடும் ஆவணம் அது. சி7 பகுதியில் மதிப்பெண், கட்டுரை, பரிந்துரைக் கடிதம் என ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு முக்கியத்துவம் என்று கல்லூரியே குறித்திருக்கும். சி21-இல் எர்லி டிசிஷனில் எத்தனை பேர் போட்டார்கள், எத்தனை பேரை எடுத்தார்கள் என்று இருக்கும். ஆனால் அந்த எண்ணிக்கையில், கல்லூரி அணிக்காக முன்பே பேசி வைத்த விளையாட்டு வீரர்களும் சேர்ந்திருப்பார்கள். அதைக் கழித்துப் பார்த்தால் வாய்ப்பு அவ்வளவு பெரிதாகத் தெரியாது.

முதலாமாண்டு மாணவன்

எஸ்.ஏ.டி. என்ற சேர்க்கைத் தேர்வு தேவையில்லை என்று நம்பி இருந்துவிடாதீர்கள். எம்.ஐ.டி. 2022-லேயே அதை மீண்டும் கட்டாயமாக்கியது. 2024-இல் டார்ட்மத், பிரவுன், ஹார்வர்டு, கால்டெக் என்று வரிசையாக அதையே அறிவித்தார்கள். நான் அந்த வருடம் விண்ணப்பித்தவன், அவசர அவசரமாகப் படித்தேன். ஆனால் கலிபோர்னியா பல்கலைக்கழகம் அந்த மதிப்பெண்ணைச் சேர்க்கைக்குப் பார்ப்பதே இல்லை.

ஒரு அப்பா

பணம் கொடுத்து ஒரு ஆலோசகரை வைத்தோம். மகளின் கட்டுரையை அவரே 'செம்மைப்படுத்தினார்'. அதைப் படித்த அவளுடைய ஆங்கில ஆசிரியை, "நன்றாக இருக்கிறது, ஆனால் இதில் நீ எங்கே?" என்று கேட்டார். மகள் அன்றிரவே தன் பழைய கட்டுரையை எடுத்து, எழுத்துப்பிழைகளை மட்டும் திருத்தி அனுப்பினாள். ஆலோசகர் கோபித்துக்கொண்டார். பரவாயில்லை.

மூன்றாமாண்டு மாணவன்

என் அனுபவம் வெயிட்லிஸ்ட், அதாவது காத்திருப்போர் பட்டியல். மார்ச் கடைசியில் சேதி வந்தது. இன்னமும் சேர விருப்பம் என்று ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். விண்ணப்பம் அனுப்பிய ஜனவரிக்குப் பிறகு செய்ததை மட்டும் அதில் சொன்னேன், பழையதை மறுபடி சொல்லவில்லை. அதே சமயம் மே 1-க்குள் வேறொரு கல்லூரியில் இடத்தை உறுதி செய்ய டெபாசிட் கட்டினேன்.

ஜூனில் போன் வந்தது, இடம் இருக்கிறது என்றார்கள். ஒரு நாள் அவகாசம் கேட்டேன். டெபாசிட் கட்டிய கல்லூரியில் ஒரு பேராசிரியைக்கு மே மாதமே மெயில் போட்டிருந்தேன், தன் ஆய்வகத்தில் சேர்த்துக்கொள்வதாக அவர் பதில் எழுதியிருந்தார். மறுநாள் காலையில் வெயிட்லிஸ்ட் இடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இப்போதும் அதே ஆய்வகத்தில்தான் வேலை செய்கிறேன்.