கோபக்கார கோல்ஃப் வீரரை எதை வைத்து எடைபோடுவது?

கல்லடி:
ரோரி மெக்கில்ராயைப் பிடிக்கும் எண்டு சொன்னா, 2015இல டோரல் மைதானத்தில 3 அயன் மட்டையை ஏரிக்குள்ள எறிஞ்ச வீடியோத் துண்டை உடனே அனுப்புறாங்க. இவனுக்கு என்ன பண்பு இருக்கு எண்டு கேட்கிறாங்க. கிரிக்கெட்டில எண்டா அளவுகோல் தெளிவு: 2003 உலகக் கிண்ண அரையிறுதியில, அரவிந்தவின் பந்துக்கு நடுவர் ஆட்டமிழப்புக் கொடுக்காமலே கில்கிறிஸ்ட் தானா நடந்து போனார். கோல்ஃபை டிவியில மட்டும் பார்க்கிற நாம எதைக் கவனிக்கிறது?

அக்கரைப்பற்று:
தம்பி, கில்கிறிஸ்ட் செய்தது கோல்ஃபில கடமை. தன் பிழையை ஆட்டக்காரன் தானே சொல்லணும் எண்டுதான் விதி. 2010இல ஹார்பர் டவுனில, ஜிம் ஃபியூரிக்கோட பிளேஆஃப் (சமனா வந்தவங்களில வெற்றியாளரைத் தீர்மானிக்கிற கூடுதல் ஆட்டம்). பிரையன் டேவிஸ் மட்டையைப் பின்னுக்கு எடுக்கும்போது ஒரு நாணல் தண்டில லேசாத் தட்டிச்சு. அவரே அதிகாரியைக் கூப்பிட்டார். அப்போதைய விதிப்படி 2 ஸ்ட்ரோக் (அடி) தண்டம், வெற்றி கைவிட்டுப் போச்சு. அதுவரை அமெரிக்காவின் தொழில்முறைத் தொடரான பிஜிஏ டூரில ஒரு பட்டமும் எடுக்காத மனுசன்.

கோபம் எண்டா, அது யார் தலையில விழுது எண்டு பாருங்க. மெக்கில்ராய் எறிஞ்சதால அவருக்கு ஒரு மட்டை குறைஞ்சது, அவ்வளவுதான். 2019இல சவூதியில செர்ஜியோ கார்சியா கிரீன்களை (குழியைச் சுத்தி ஒட்ட வெட்டின புல்தரை) சேதப்படுத்தினார். பின்னால வாற ஆக்கள் அந்தக் கிரீனிலதான் பட் (குழிக்குள்ள உருட்டுற மெல்லிய அடி) அடிக்கணும். அதனாலதான் அவரைப் போட்டியை விட்டே வெளியேத்தினாங்க. என் கணக்கில இரண்டும் ஒண்டில்லை.

காத்தான்குடி:
அக்கரைப்பற்றுக் காக்கா (அண்ணன்) சொன்னது சரி. ஆனா விதி மீறினவனெல்லாம் கள்ளன் எண்டும் எடுக்கப்படாது. 2013 மாஸ்டர்ஸ் போட்டியில 15ஆம் குழியில டைகர் வூட்ஸின் பந்து கொடிக்கம்பத்தில பட்டுத் தண்ணிக்குள்ள போச்சு. முதல் அடிச்ச இடத்துக்கு ஏலுமான அளவு கிட்டப் போடவேண்டிய பந்தை, ஏறத்தாழ 2 யார் பின்னால போட்டார். மறுகா பேட்டியில தானே அதைச் சொல்லி மாட்டினார்; 2 அடி தண்டத்தோட அந்தச் சுற்றின் 71 எண்ட எண்ணிக்கை 73 ஆச்சு. மறைக்கிறவன் அப்படிப் பேட்டி குடுப்பானா? 2018 யூஎஸ் ஓப்பனில ஃபில் மிக்கெல்சன் ஓடிக்கொண்டிருந்த பந்தைத் தெரிஞ்சே அடிச்சார், தண்டத்தைக் கணக்குப் போட்டு. மன்னிப்புக் கேட்டாலும் எனக்கு அதுதான் கூடக் கசப்பு.

இன்னொண்டு, பழைய விதியை வைச்சுத் திட்டாதீங்க. 2019இல இருந்து கிரீனில பந்து தற்செயலா அசைஞ்சா தண்டமில்லை, திருப்பி வைக்கணும். பந்து தேடுற நேரம் 5 நிமிசத்தில இருந்து 3 ஆக் குறைஞ்சிருக்கு.

கல்முனை:
துண்டு வீடியோவில குணம் தெரியாது. மாஸ்டர்ஸ் கடைசிச் சுற்று நமக்குத் திங்கள் விடிய 4.30 போல முடியும், முழுசாப் பாருங்க. போகி (குழிக்குரிய கணக்கைவிட ஒரு அடி கூட) அடிச்ச பிறகு அடுத்த டீயில (குழிக்கு முதல் அடி அடிக்கிற இடம்) கண் வையுங்க. வழமையா இரண்டு தரம் வீசிப் பார்க்கிறவன் ஒரு தரத்தோட அவசரமா அடிச்சா, முகம் சிரிச்சாலும் உள்ள கொதிக்குது. பந்து சனத்துக்குள்ள திரும்பினா "ஃபோர்" எண்டு எச்சரிச்சுக் கத்துறானா? சில பேர் கையை மட்டும் நீட்டுறாங்க. பந்தைப் பார்த்துக்கொண்டு நிக்கிற சனத்துக்கு அந்தக் கை தெரியாது. இதில நான் யாருக்கும் விட்டுக்குடுக்க மாட்டன்.

கல்லடி:
1969 ரைடர் கிண்ணத்தில நிக்லாஸ், எதிராளி ஜாக்லினின் 2 அடி தூரத்துப் பட் ஒண்டை அடிக்காமலே விழுந்ததா விட்டுக்குடுத்ததை எப்படி எடுக்கிறது?

அக்கரைப்பற்று:
ரைடர் கிண்ணம் அணிக்கு அணி மோதுற மேட்ச் பிளே (குழிக்குக் குழி வெற்றி பார்க்கிற முறை), அதில விட்டுக்குடுக்கலாம். ஸ்ட்ரோக் பிளேயில (மொத்த அடிகளைக் கூட்டுற முறை) ஒவ்வொரு பட்டும் குழிக்குள்ள விழணும், அங்க இந்தக் காட்சியைத் தேடாதீங்க. போட்டி 16-16 எண்டு சமனா முடிஞ்சது. நிக்லாஸின் அணித்தலைவர் சாம் ஸ்னீடுக்கே அது பிடிக்கேல்லை.