அனகோண்டா தமிழ்ப் பெயரா? அப்புறம் அது இப்போது ஒரே இனமா, இரண்டா?

கருவேலன் கேட்டது:

பிள்ளைகளுக்காகப் பெரிய பாம்புகளைப் பற்றி ஒரு சின்னத் தொகுப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். அனகோண்டா பக்கத்துக்கு வந்ததும் அப்படியே நின்றுவிட்டது. முதல் சிக்கல் பெயர். "யானை கொன்றான் என்ற தமிழ்ச் சொல்தான் அனகோண்டா ஆனது" என்று வாட்ஸ்அப்பில் வராத மாதம் இல்லை, ஆனால் தென் அமெரிக்கச் சதுப்பில் கிடக்கிற பாம்புக்கு யார் போய்த் தமிழில் பெயர் வைத்தார்கள் என்று யோசித்தால் நம்பவும் முடியவில்லை. இரண்டாவது, என்னிடம் இருக்கும் புத்தகங்களில் பச்சை அனகோண்டா ஒரே இனம், அறிவியல் பெயர் யூனெக்டஸ் முரினஸ். 2024இல் அதை இரண்டாகப் பிரித்துவிட்டார்கள் என்று செய்தி பார்த்தேன். எதை எழுதுவது? கூடவே ஒரு சின்னக் கேள்வி, இதை மலைப்பாம்பு என்று சொல்லலாமா?

ஏட்டுப்பூச்சி:

சின்னக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். சொல்லாதீர்கள். நாம் மலைப்பாம்பு என்பது பைத்தான் குடும்பம், அவை முட்டையிடும். அனகோண்டா போவா குடும்பம், குட்டி போடும். இரண்டுக்கும் விஷம் கிடையாது, இரண்டும் இரையை இறுக்கித்தான் கொல்கின்றன, அதனால்தான் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறோம். உறவுமுறை பார்த்தால் நம் மண்ணுளிப் பாம்பு அனகோண்டாவுக்கு மலைப்பாம்பைவிட நெருக்கம். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள், மறக்கவே மாட்டார்கள்.

இனிப் பெயர். யாரும் தென் அமெரிக்காவுக்குப் போய்த் தமிழ்ப் பெயர் வைக்கவில்லை, பெயர்தான் இலங்கையிலிருந்து கிளம்பி அங்கே போய்ச் சேர்ந்தது. ஜான் ரே என்ற ஆங்கில இயற்கையியலாளர் 1693இல் வெளியிட்ட நூலில், எருமையின் எலும்பை நொறுக்கும் இலங்கைப் பாம்பு என்று ஒன்றைக் குறித்து அதற்கு 'அனகண்டையா' என்று பெயர் கொடுத்திருக்கிறார். இலங்கையில் அந்த அளவுக்குப் பெரிய பாம்பு என்றால் நம் மலைப்பாம்புதான். நூறு வருடம் கழித்து ஐரோப்பியர்கள் அதே பெயரைத் தூக்கி அமெரிக்கப் பாம்புக்கு வைத்துவிட்டார்கள், 1803இல் டோடான் என்ற பிரெஞ்சுக்காரர் 'போவா அனகொண்டோ' என்றே எழுதியிருக்கிறார். ஊர் மாறிய பெயர், ஆளும் மாறிவிட்டது.

அந்த இலங்கைச் சொல் தமிழா சிங்களமா என்பதுதான் சண்டை. 'ஆனையைக் கொன்ற' என்பதிலிருந்து வந்தது என்ற யோசனை ஹென்றி யூல் என்ற ஸ்காட்லாந்துக்காரருடையது, வாட்ஸ்அப்காரர்களுடையது அல்ல. எதிர்த்தரப்பு 'ஹெனகந்தயா' என்ற சிங்களச் சொல்லைக் காட்டுகிறது. அது மெலிந்த பச்சைப் பாம்பு ஒன்றின் பெயர், மலைப்பாம்புக்குச் சிங்களத்தில் பிம்புரா. அப்படியென்றால் லேபிளை மாற்றி ஒட்டியிருக்கிறார்கள் என்று ஆகும்.

வல்லினம்:

யூல் சொன்னதை அவ்வளவு லேசாகத் தள்ள முடியாது. இலங்கைத் தமிழில் ஒன்று 'ஒண்டு', மூன்று 'மூண்டு', கன்று 'கண்டு'. அந்தக் கணக்கில் கொன்ற என்பது 'கொண்ட' ஆகும், ஆனைகொண்ட, அனகோண்டா. ஒலி பொருந்துகிறது. ஒலி பொருந்துவதால் மட்டும் வேர் அதுதான் என்று ஆகிவிடாது, அது எனக்கும் தெரியும். நான் எழுதினால் "தமிழ் அல்லது சிங்களம், இலங்கையிலிருந்து போன பெயர்" என்று நிறுத்திக்கொள்வேன்.

செதில்:

பெயர் முடிந்ததா, இனத்துக்கு வருகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1758இல், உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸ் இதை போவா முரினா என்று எழுதினார். முரினா என்றால் எலி சம்பந்தப்பட்டது, இவ்வளவு பெரிய பாம்புக்கு இப்படி ஒரு பெயர். 1830இல் வாக்லர் என்ற ஜெர்மானிய விலங்கியலாளர் இதற்காக யூனெக்டஸ் என்ற பேரினத்தை உண்டாக்கினார், நன்றாக நீந்துவது என்று பொருள். போவா பெண்பால், யூனெக்டஸ் ஆண்பால், அதனால் முரினா முரினஸ் ஆனது. அதன்பின் மஞ்சள் அனகோண்டா, கரும்புள்ளி அனகோண்டா, 2002இல் பொலிவியாவின் பேனி அனகோண்டா என்று மொத்தம் நான்கு இனம்.

2024 கட்டுரை இரண்டு வேலை செய்தது. பச்சை அனகோண்டாவை இரண்டாகப் பிரித்தது: தெற்கே இருப்பது முரினஸ், ஈக்வடார், வெனிசுலா, கயானா பக்கம் இருப்பது அக்காயிமா. அங்குள்ள பழங்குடிகளின் கரீபன் மொழிகளில் அக்காயிமாவுக்குப் 'பெரிய பாம்பு' என்று பொருள். மீதி மூன்றையும் ஒரே இனமாகச் சேர்க்கலாம் என்றது. செய்தித்தாள்கள் முதல் பாதியை மட்டும் போட்டன. பச்சையில் இரண்டுக்கும் மரபணு வித்தியாசம் 5.5 விழுக்காடு, பிரிந்து சுமார் ஒரு கோடி ஆண்டு என்கிறார்கள். ஆனால் கண்ணால் பார்த்தால் எது எது என்று சொல்ல முடியாது.

எனக்கு உறுத்துவது, அந்த வித்தியாசம் மைட்டோகாண்ட்ரியா மரபணுவில் அளந்தது. அது தாய்வழியில் மட்டும் வருவது. பெண் பாம்புகள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருந்து, ஆண்கள் அலைந்து திரிந்து கலந்திருந்தால்கூட இப்படி ஒரு பிளவு தெரியலாம். தாய், தந்தை இருவரிடமிருந்தும் வரும் உட்கரு மரபணுக்களையும் பார்த்துவிட்டுத்தான் இரண்டு இனம் என்று முடிவு கட்டவேண்டும்.

ஏட்டுப்பூச்சி:

இரண்டு இனம் என்றே வைத்துக்கொண்டாலும் அக்காயிமா என்ற பெயர் நிற்குமா என்பது வேறு வழக்கு. புதுப் பெயர் வைக்கும்போது எந்த உடலுக்கு வைக்கிறோம் என்று ஒரு மாதிரியைக் காட்டவேண்டும், அதை விதிப்படி செய்யவில்லை என்று அந்த ஆண்டே மறுப்பு வந்துவிட்டது. வடக்குப் பாம்புக்கு 'கிகாஸ்' என்ற பழைய பெயர் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தது, பழையது செல்லுபடியானால் பழையதற்குத்தான் முன்னுரிமை. இன்னொரு கூத்து, லின்னேயஸ் முரினாவின் ஊர் 'அமெரிக்கா' என்று மட்டும் எழுதிவைத்துவிட்டுப் போய்விட்டார். அந்தக் காலத்தில் ஐரோப்பாவுக்குப் பாம்புகள் நிறைய, கயானாவுக்குப் பக்கத்தில் வடக்கே இருக்கும் சுரினாமிலிருந்து போயின. அவர் விவரித்தது அங்கிருந்து போனதாக இருந்தால் முரினஸ் என்ற பெயரே வடக்குக்குப் போய்விடும், தெற்குப் பாம்புக்குத்தான் வேறு பெயர் தேடவேண்டும்!

கருவேலன்:

அடேங்கப்பா. சரி, யூனெக்டஸ் முரினஸ் என்றே வைத்துக்கொள்கிறேன், கீழே ஒரு வரியில் "2024 முதல் வடக்கில் இருப்பதைத் தனி இனம் என்று சிலர் பிரிக்கிறார்கள்" என்று போட்டுவிடுகிறேன். மலைப்பாம்பு என்று எழுதியிருந்த நான்கு இடத்தையும் அழித்தாயிற்று. மண்ணுளி உறவை மட்டும் கட்டம் கட்டிப் போடப்போகிறேன்.

செதில்:

போவாவில் 'வா'வை 'பா' என்று அச்சில் மாற்றிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு தடவை எனக்கு அப்படித்தான் ஆனது.