வேலையில் சேரும் முன் எச்.ஐ.வி. டெஸ்ட் கேட்கிறார்கள், என்ன செய்வது?

நொய்யல்கரை:
திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் (ஆர்டர்களை ஒருங்கிணைக்கிற ஆபீஸ்) வேலை கிடைத்திருக்கிறது, நானூறு பேர் இருக்கிற இடம். எச்.ஆர். அனுப்பிய மெடிக்கல் பட்டியலில் எச்.ஐ.வி. டெஸ்டும் இருக்கிறது. எனக்குப் பாசிட்டிவ். எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரையை விடாமல் எடுக்கிறேன், ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது. நானே முதலில் சொல்லிவிடட்டுமா, இல்லை வேலையே வேண்டாமென்று விட்டுவிடட்டுமா? அம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாது.

மாடிவீடு:
இரண்டுமே வேண்டாம் சகோ. 2017 எச்.ஐ.வி. எய்ட்ஸ் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கிறது, தனியார் கம்பெனிக்கும் பொருந்தும். வேலை கொடுக்க எச்.ஐ.வி. டெஸ்டை நிபந்தனையாக வைக்கக் கூடாது, கோர்ட் உத்தரவு இல்லாமல் உங்கள் நிலையைச் சொல்லும்படி யாரும் கட்டாயப்படுத்தவும் முடியாது. பாதி கம்பெனிகளில் பழைய பட்டியலையே காப்பியடித்து அனுப்புகிறார்கள், அதனால் சண்டைக்குப் போகிற தொனி வேண்டாம். "சட்டப்படி இந்த டெஸ்ட் கேட்கக் கூடாது, மற்றதை எடுத்துக்கொள்கிறேன்" என்று மெயிலில் எழுதுங்கள். போனில் பேசினால் நாளைக்குக் கையில் ஒன்றும் இருக்காது.

பழையசோறு:
சட்டமெல்லாம் சரி. அப்படி மெயில் போட்டாலே 'ஓகோ' என்று புரிந்துகொள்வார்கள், வேறு காரணம் சொல்லிக் கழற்றிவிடுவார்கள். நடைமுறை அதுதான்.

மாடிவீடு:
நடக்கும், மறுக்கவில்லை. அதற்குத்தான் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறேன். நூறு பேரோ அதற்கு மேலோ இருக்கிற இடத்தில் புகார் அலுவலர் ஒருவரை நியமித்தாக வேண்டும். அங்கே சரிவராவிட்டால் மாநில அரசு நியமிக்கும் ஆம்பட்ஸ்மன் (குறைதீர்ப்பாளர்), அவர் 30 நாளுக்குள் உத்தரவு போட வேண்டும். கோர்ட்டுக்கே போனாலும் புனைபெயரில் வழக்கு நடத்தக் கேட்கலாம். ஆனால் ஆம்பட்ஸ்மன் உத்தரவை மதிக்காவிட்டால் அபராதம் 10,000 ரூபாய் வரை, தொடர்ந்தால் நாளுக்கு 5,000 வரை. பெரிய முதலாளிக்கு அது டீச்செலவு, அந்த எரிச்சல் எனக்கும் உண்டு.

நொய்யல்கரை:
சேர்ந்த பிறகு தெரிந்துவிட்டால்?

செவ்வரளி:
நானும் பாசிட்டிவ்தான், ஆபீஸில் யாருக்கும் தெரியாது. மாத்திரை வாங்கப் போகிற நாளில் சாதாரண லீவுதான் போடுகிறேன், காரணம் எழுதுவதில்லை. தெரிந்தாலும் அதை வைத்து மட்டும் நீக்க முடியாது. வேலைக்குத் தகுதியில்லை, அல்லது மற்றவர்களுக்குத் தொற்றும் ஆபத்து பெரிது என்று வெளி மருத்துவர் எழுத்தில் தர வேண்டும், மெர்ச்சண்டைசர் வேலையில் அதை எவர் எழுதுவார்? யாரிடமாவது பேச வேண்டுமென்றால் எச்.ஐ.வி. உதவி எண் 1097, கட்டணமில்லை. ஒன்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்: துபாய்க் கிளைக்கு அனுப்புவார்களா என்று. அங்கே நம் சட்டம் செல்லாது, ரெசிடென்ஸ் விசா மெடிக்கலில் எச்.ஐ.வி. கட்டாயம், பாசிட்டிவ் என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.