மறுபடியும் ஒட்டுப்போர்வை தைக்க உட்கார்ந்தவர்கள் இருக்கிறீர்களா?

ஊதாநூல்
பதினாலு மாதம் கழித்து நேற்றுதான் மிஷின் மூடியைத் தூக்கினேன். அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள் என்று போன் வந்தபோது ஏழாவது வரிசை ஓடிக்கொண்டிருந்தது. அப்படியே எழுந்து ஓடியவள்தான். துணி இன்னும் பாதத்துக்கு அடியிலேயே கிடந்தது, ஊசி அதில் இறங்கியபடி. சக்கரம் அசையவே இல்லை. எண்ணெய் விட்டு, கையால் ஆட்டி ஆட்டி ஊசியை மேலே கொண்டுவந்தால், அது இருந்த இடத்தில் மிளகளவு துருப்பொட்டு. அதுவும் எந்தத் துண்டில்? வெளிர்நீலக் கட்டம் போட்ட அவர் சட்டையில். காலர் நைந்துபோச்சு, கொடுங்கள் என்றால் “இன்னும் ரெண்டு வருஷம் போடலாம்” என்று கொடுக்கவே மாட்டேன் என்றார். சண்டை போட்டுப் பிடுங்கிய துண்டு அது.

அதை மட்டும் பிரித்துவிட்டு வேறு வைக்கலாமா என்று நேற்றிலிருந்து கத்தரியைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். கேள்வியாகக் கேட்கவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது, அவ்வளவுதான்.

கட்பீஸ்கோவை
மாமியார் படுக்கையில் விழுந்து மூன்று வருடம் நானும் தொடவில்லை. அவர் போன பிறகு எடுத்தேன். சரி, என் கதை கிடக்கட்டும். துருவுக்குத் தப்பித்தவறிக்கூட பிளீச் போடாதீர்கள், கறை இன்னும் அழுத்தமாக ஏறிக்கொள்ளும். எலுமிச்சைச் சாறும் பொடி உப்பும் வைத்து வெயிலில் காயவிட்டு அலசுங்கள். முதலில் மிச்சத்துண்டு ஒன்றில் வைத்துப் பாருங்கள், நீலச்சாயம் வெளுக்கவும் செய்யும். ஊசியைத் தூக்கி எறிந்துவிடுங்கள். மூன்று அடுக்கு என்றால் பதினாறாம் நம்பர் போடுங்கள். மிஷினுக்கு மிஷின் எண்ணெய்தான். அவசரத்துக்குத் தேங்காய் எண்ணெய் விட்டவர்களை எனக்குத் தெரியும், அது உள்ளே பிசின் மாதிரி இறுகிவிடும். கால் மிஷினாக இருந்தால் வார் தொய்ந்திருக்கும்; அரை அங்குலம் வெட்டிவிட்டுக் கம்பியைத் திரும்ப மாட்டினால் போதும், புதிது வேண்டாம். பாபின் கேஸைக் கழற்றி உள்ளே இருக்கும் பஞ்சைப் பிரஷ்ஷால் தட்டுங்கள். பழைய நூலை ஒரு முழம் உருவி வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள், பட்டென்று அறுந்தால் அந்த உருண்டையே மட்கிப்போச்சு என்று அர்த்தம்.

மூணாவது கீமோ
கட்பீஸ் அக்கா, அவர் வாரைப் பற்றியா கேட்டார்?

எனக்கு மருந்தில் விரல் நுனியெல்லாம் மரத்துப்போனது. சட்டைப் பொத்தான் போட முடியாது, சில்லறை எண்ண முடியாது. போன மாதம் பிடிவாதமாக ஊசியை எடுத்தேன். வெள்ளை மல்துணியில் ஓட்டுத்தையல், பத்து நிமிடம் ஒழுங்காகப் போகிறது என்றே நினைத்தேன். போர்வையைத் திருப்பினால் அடிப்பக்கம் வரிசையாக நாலு சிவப்புப் பொட்டு, அளந்து வைத்தமாதிரி ஒரே இடைவெளியில். ஒவ்வொரு தையலுக்கும் கீழ்விரலைக் குத்தியிருக்கிறேன். வலிக்கவே இல்லை. வலிக்காததுதான் வயிற்றைக் கலக்கியது. பக்கத்தில் டிவி ஓடுகிறது, யாரும் பார்க்கவில்லை, சத்தம்போடாமல் மடித்து வைத்துவிட்டேன்.

தைத்தவர் இரத்தத்துக்கு அவர் எச்சிலே மருந்து என்று எங்கள் டீச்சர் சொல்வார். அப்புறம் பச்சைத் தண்ணீர். போய்விட்டது, மூன்று பொட்டு. நாலாவது லேசாகத் தெரிகிறது.

பெரியம்மா64
நான் சொன்னால் கோபித்துக்கொள்வீர்கள். போனவர் துணியைத் தானம் கொடுத்துவிட வேண்டும், இல்லை ஆற்றோடு விட வேண்டும். போர்த்திக்கொண்டு படுத்தால் மனசு ஆறாது. என் தங்கை அப்படித்தான் அவள் வீட்டுக்காரர் வேட்டியைத் தலையணைக்கு அடியிலேயே வைத்துக்கொண்டு எட்டு வருஷம் ஒரு கல்யாணம் காட்சிக்கு வரவில்லை.

நியூஜெர்ஸி நூல்கண்டு
பெரியம்மா, மரியாதையோடு மறுக்கிறேன். எய்ட்ஸில் இறந்தவர்களுக்காக இங்கே ஒரு போர்வை தைத்தார்கள். 1987 அக்டோபரில் வாஷிங்டனில் அதை முதல்முறை விரித்தபோது 1,920 துண்டுகள். ஒவ்வொன்றும் மூன்றடிக்கு ஆறடி, ஒரு ஆளைக் கிடத்தும் குழியின் அளவு. சட்டை, ஜீன்ஸ், கரடிபொம்மை என்று போனவர்களின் பொருளைத்தான் அதில் வைத்துத் தைத்தார்கள். பல பேருக்கு முறையான அடக்கம்கூடக் கிடைக்காத காலம் அது. ஆற்றோடு விடச்சொல்லி அவர்களிடம் போய்ச் சொல்லுவீர்களா?

எனக்குச் சொல்லிக்கொள்ளப் பெரிய கதை இல்லை. விவாகரத்துக்குப் பிறகு கல்யாணப் புடவையை ரோட்டரி கட்டரால், துணி வெட்டும் உருளைக் கத்தியால், அறுத்தேன். ஜரிகை பிளேடை மழுக்கிவிட்டது. நன்றாக இருந்தது.

பெரியம்மா64
அது அவர்கள் ஊர் வழக்கம் அம்மா. நான் என் தங்கையைச் சொன்னேன்.

காட்டோர வீடு
சண்டை வேண்டாமே. ஊதாநூல், உங்கள் துருப்பொட்டைப் படித்ததும் ஹளியால் ஞாபகம் வந்துவிட்டது. வடகன்னடத்தில் அவருக்கு மாற்றல். வயிற்றில் ஐந்து மாதத்தோடு போய்ச் சேர்ந்து, வெறும் வயிற்றோடு நின்ற வருடம். அதுவரை குட்டிக் குட்டியாகத் துண்டு சேர்த்துக்கொண்டிருந்தவள், அந்தப் பையைப் பரண்மேல் போட்டுவிட்டேன்.

அங்கே சித்தி என்று ஓர் இனம், எப்போதோ ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வம்சம். அந்த இனத்துப் பெண் ஒருவர், ஐம்பது வயதிருக்கும், பக்கத்துத் திண்ணையில் கவந்தி தைப்பார், அவர்கள் பாணி ஒட்டுப்போர்வை அது. நாம் சதுரம் சதுரமாகச் சேர்த்து அப்புறம்தானே அடித்துணியில் வைப்போம்? அவர் பழைய புடவையைத் தரையில் விரித்து, ஓரத்திலிருந்து துண்டை மடித்து வைத்து ஓட்டிக்கொண்டே சுற்றிச் சுற்றி நடுவுக்குப் போவார். அளவுகோல் கிடையாது, சாக்பீஸ் கிடையாது. கடைசியில் நாலு மூலையிலும் முக்கோணமாக மடித்த துணிப்பூ. அதை ஃபூலா என்பார்கள், அது இல்லாவிட்டால் போர்வை அம்மணமாக இருக்குமாம்.

ஒருநாள் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் கேட்காமல் நூல் கோத்த ஊசியை என் கையில் திணித்தார். எனக்குக் கை நடுங்குகிறது, தையல் பாம்புபோல வளைந்து ஓடியது. பிரித்துவிடுவார் என்று காத்திருந்தேன். அவர் பிரிக்கவில்லை. அடுத்த வரியைத் தானே எடுத்து, என் கோணலை ஒட்டியே அதே வளைவில் தைத்துக்கொண்டு போனார். அதற்கடுத்த வரியும் அப்படியே. சாயங்காலம் பார்த்தால் அந்த மூலை முழுக்க வளைந்திருந்தது.

வெள்ளிக்கிழமை அந்தப் போர்வையை யாரோ வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். எந்த வீட்டில் கிடக்கிறதோ.

மூணாவது கீமோ
அக்கா, பரணில் போட்ட பை?

காட்டோர வீடு
இன்னும் பரணில்தான்.

கட்பீஸ்கோவை
துணிப்பை என்றால் இறக்கி வெயிலில் போடுங்கள், வெள்ளிப்பூச்சி அரித்திருக்கும். இரண்டு வசம்புத் துண்டு போட்டுவைத்தால் நல்லது.

ஊதாநூல்
எல்லாருக்கும் நன்றி. பெரியம்மா, உங்கள்மேல் கோபமெல்லாம் இல்லை. ஊசியை மாற்றிவிட்டேன், பதினாறுதான். எலுமிச்சை வைக்கவில்லை. பொட்டைச் சுற்றி அதே துருநிறத்து நூலால் சின்னதாக ஒரு வட்டம் ஓட்டியிருக்கிறேன். அது சரியாக வட்டமாக வரவில்லை. எட்டாவது வரிசைக்கு அவர் சட்டை ஒரு துண்டுதான் பாக்கி, முழங்கைப் பக்கம்.

கட்பீஸ், வாரை வெட்டியதும் கம்பியை மாட்ட ஓட்டை எதனால் போடுவது? ஆணி வழுக்குகிறது.